வீரசிங்கம் சோதிக்காத கார்

மெக்கானிக் வீரசிங்கம் பாஸுக்குத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்: டிரைவரிடம் கேட்காதே, வண்டியிடம் கேள். வாய் இருக்கிறவன் பொய் சொல்வான். நல்லவனாக இருந்தால் தெரியாமல் சொல்வான். இரும்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. முப்பத்தைந்து வருஷத் தொழிலில் இந்தச் சட்டத்தை அவர் ஒரே ஒரு தடவை மீறினார், அதுவும் சொந்த மச்சினனுக்காக. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் தூக்கிவிட நாலு பேராவது வருவார்கள். இந்த மனிதன் சறுக்கியபோது மேலே மிதித்துக்கொண்டு போனவர்கள்தான் அதிகம்.

ஆள் மகியாவையில் பிறந்தவர். அப்பா மாநகர சபைத் தொழிலாளி, கண்டி நகரத்துத் தெருக்களைக் கூட்டியவர். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இடம், பதினாறு வயதில் கார் கழுவும் வேலை, பிறகு ஸ்பனர் எடுத்துக் கொடுக்கும் வேலை, பிறகுதான் ஸ்பனர் கைக்கு வந்தது. நடுவில் ஒன்பது வருஷம் சார்ஜாவில். பணக்காரக் கார்களின் எஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜர் என்ற சாமானை அங்கேதான் முதலில் திறந்து பார்த்தார். மற்ற எஞ்சின் தானாக மூச்சு இழுக்கும். இதற்கோ பெல்ட்டில் சுழலும் ஒரு ஊதி, காற்றை அமுக்கி அமுக்கி உள்ளே தள்ளும். தள்ளுகிற காற்றுக்கு ஏற்பப் பெற்றோல் எரியும், எரிகிற பெற்றோலுக்கு ஏற்பச் சூடு பிறக்கும். அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் முழுத் தொழிலும் என்பார் வீரசிங்கம். சார்ஜாவிலிருந்து திரும்பும்போது ஒரு பெட்டி நிறைய ஸ்பனரும் ஒரு லப்டொப்பும் கொண்டுவந்தார். தங்கம் வரும் என்று காத்திருந்த மனைவி சுந்தரி, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் படாரென்று மூடினாள்.

வந்தவருக்கு வேலை கொடுத்தவர், பிலிமத்தலாவையில் கராஜ் வைத்திருந்த யாழ்ப்பாணத்து இராஜரத்தினம். நல்ல மனிதர், சம்பளம் தவறாது. ஆனால் பெயர்ப்பலகையில் இருந்தது அவர் பெயர். கொழும்பிலிருந்துகூட வீரசிங்கத்தின் கையைத் தேடி வண்டிகள் வந்தன. போகும்போது எல்லோரும் "இராஜரத்தினம் கராஜில் செய்தது" என்றார்கள். ஐம்பத்தொரு வயதில் வீரசிங்கத்துக்கு இருந்த ஒரே ஆசை, தன் பெயர் எழுதிய தகரம் ஒன்று ஒரு கடைக்கு மேலே தொங்க வேண்டும் என்பது. மாளிகை கேட்டாரா, தோட்டம் துரவு கேட்டாரா? ஒரு தகரம் கேட்டார்.

அதைத் தொங்கவிட இடம் தருகிறேன் என்று வந்தவர் திகன தாஸிம் ஹாஜியார். ஹார்ட்வெயார் கடைகள் மூன்று வைத்திருந்தார். வீட்டில் ஒரு கறுப்பு இங்கிலிஷ் ஜீப். எட்டு சிலிண்டர், தலையில் சூப்பர்சார்ஜர். அதற்கு டிரைவர் சுந்தரியின் தம்பி யுகேஷ். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே வீரசிங்கம்தான். ஹாஜியாரின் பண்டகசாலைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையில் யுகேஷ் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் குடியிருந்தான்.

ஜீப்பை ஆறு வருஷமாக உயிரோடு வைத்திருந்தவர் வீரசிங்கம். கம்பனிப் புத்தகம் இருபத்தையாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் மாற்றச் சொல்லும். "புத்தகம் எழுதினவன் கடுகண்ணாவை ஏத்தத்துல ஒரு நாள் வந்து நின்னு பார்த்தானா?" என்று கேட்டுவிட்டு இவர் ஐயாயிரத்துக்கு ஒரு தடவை மாற்றுவார். பழைய ஒயிலில் கொஞ்சத்தை ஜாம் போத்தலில் ஊற்றி, திகதி எழுதி, இறாக்கையில் அடுக்கிவைப்பார். பக்கத்து ஆட்கள் அதைத் தேன் போத்தல் என்று கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களின் வாடிக்கைக்காரர்கள் எஞ்சினை மூட்டையாகக் கட்டிக்கொண்டு இவரிடம்தான் வந்தார்கள்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு பிறந்தபோது புது வாகனம் இறக்குமதி செய்ய இருந்த தடை இன்னும் நீங்கவில்லை. காசு இருந்தவனுக்கும் பழைய கார்தான். அந்த நேரம் பார்த்து ஹாஜியாரின் கொழும்பு மருமகன், கடுகண்ணாவை ஏற்றத்தில் மாமனாரை முந்திக்கொண்டு போய், ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டான். பற்றிக்கொண்டது நெருப்பு.

"பாஸ், எனக்கு இனி ஏலாது," என்று கராஜுக்கு வந்து உட்கார்ந்தார் ஹாஜியார். "அவன் என்னத் தாண்டிப் பெய்த்து கைய ஆட்டுறான். இந்த ஜீப்புக்கு இன்னும் பலம் ஏத்தித் தாங்க. போயா பௌர்ணமி லீவுக்கு நாங்க குடும்பமா மஹியங்கனைக்குப் போறோம். திரும்பி மலையேறி வாற நேரம் பதினெட்டு வளைவுலயும் அவன் எனக்குப் பின்னால ஈக்கணும்."

"ஏத்தலாம் ஹாஜியார். ஆனா பலம் ஏத்தினா சூடும் ஏறும். சூப்பர்சார்ஜருக்கு அடியில தண்ணி போற பிளாஸ்டிக் குழாய் பதினோரு வருஷப் பழசு. முதல்ல அத மாத்தணும்."

"மாத்துங்க."

"வெளிநாட்டுல இருந்து வரணும். ஆறு வாரம் செல்லும்."

"போயாவுக்குப் பதினஞ்சு நாள்தான் ஈக்கி!" ஹாஜியார் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "செல்றதக் கேளுங்க பாஸ். கலவரத்துல எரிஞ்சு பெய்த்து நான் திரும்பக் கட்டின கடை ஒண்டு திகனச் சந்தியில சும்மா கெடக்கு. இதச் செஞ்சு தாங்க. அந்தக் கடை உங்களுக்கு. உங்கட பேரப் போட்டு கராஜ் ஒண்டத் தொறங்க. வல்லாஹி, நான் சொல்லு மாற மாட்டேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆனாலும் வீரசிங்கம் உடனே வாயைப் பிளந்துவிடவில்லை. தனக்குத்தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார். அவரிடம் ஊசி வைத்த ஒரு கைப்பம்பு இருந்தது. அதை எஞ்சினின் தண்ணீர்ப் போத்தல் வாயில் பூட்டி, அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் விட்டால், எங்கே மயிரிழை வெடிப்பு இருந்தாலும் ஊசி இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஊசி அசையாமல் நின்றால் பழைய குழாயோடே வேலையைச் செய்வது. இறங்கினால் கடையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஹாஜியாரிடம் சொல்லிவிடுவது. வீட்டுக்குப் போய் இதைச் சுந்தரியிடமும் சொன்னார்.

"வண்டியக் கொண்டுவர்றது யுகேஷ்தானே?" என்றாள் சுந்தரி. "அவன் முன்னாலயா பம்ப மாட்டப் போறீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? மறுபடியும் என் தம்பியச் சந்தேகப்படப் போறீங்களா? பொங்கலுக்குத்தான் வந்து என் கையால சாப்பிட்டான். உங்களக் கும்பிட்டுக் கேக்கிறேன், இந்தத் தடவையாவது அவன அவமானப்படுத்தாதீங்க."

அது ஒரு பழைய புண். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற இரண்டாயிரத்து இருபத்திரண்டில், ஜீப்பிலிருந்து பெற்றோல் களவு போகிறது என்று ஹாஜியாருக்குச் சந்தேகம் வந்தது. வீரசிங்கம் தன் சட்டப்படி டிரைவரைக் கேட்கவில்லை. கடை ஆட்கள் எல்லோரும் பார்த்திருக்க, தாங்கியிலிருந்து பெற்றோலை இறக்கி லீற்றர் லீற்றராக அளந்தார். ஒரு சொட்டுக் குறையவில்லை. யுகேஷ் தங்கக் கட்டி. ஆனால் "அக்கா புருஷனே என்னைக் கள்ளன் மாதிரி அளந்து பார்த்தாரே" என்று அவன் ஒன்றரை வருஷம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. இரண்டு தீபாவளிக்குச் சுந்தரி பலகாரத்தைச் சுட்டுவைத்துவிட்டு அழுதாள்.

மறுநாள் காலை யுகேஷ் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். வீரசிங்கம் பொனற்றைத் தூக்கினார். தண்ணீர்ப் போத்தல் கோட்டு மட்டத்துக்கு நிறைந்திருந்தது. இருக்க வேண்டிய அதே சிவப்பு நிறம். அவர் கையில் பம்பு இருந்தது.

"அது என்னத்துக்குங்க அத்தான்?" என்றான் யுகேஷ். முகம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது.

வீரசிங்கத்துக்குச் சுந்தரி கும்பிட்டது கண்முன் வந்தது. பம்பைக் கீழே இறக்கினார்.

"தண்ணி குறையுதா யுகேஷ்?"

"ஒரு நாளும் கொறஞ்சதில்லைங்க. எப்ப பார்த்தாலும் கோட்டுலதான் நிக்கும்."

"விளக்கு ஏதும் எரிஞ்சுச்சா?"

"பிள்ளைங்க மேல சத்தியமா இல்லைங்க அத்தான்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். வீரசிங்கம் பம்பைப் பெட்டியில் வைத்து மூடினார். யுகேஷின் முகம் மலர்ந்தது. "வாங்க அத்தான், தேத்தண்ணி குடிப்போம்" என்று அவனே கடைக்கு அழைத்துப் போய், அவனே வாங்கிக் கொடுத்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மச்சினன் வாங்கிக் கொடுத்த அந்தத் தேத்தண்ணி வீரசிங்கத்துக்குத் தித்தித்தது.

வேலைக்கு இரண்டு நாள் எடுத்தது. ஊதியின் பெல்ட் ஓடும் சக்கரச் சில்லைக் கழற்றிச் சிறிய சில்லு போட்டார். ஊதி வேகமாகச் சுழன்றது. லப்டொப்பைப் பூட்டி, கூடுதல் காற்றுக்குக் கணக்காகப் பெற்றோலைக் கூட்டினார். பேராசைப்படவில்லை. ஏற்றக்கூடியதில் பாதிதான் ஏற்றினார். ஓட்டிப் பார்க்கக் கடுகண்ணாவை ஏற்றத்துக்குக் கொண்டுபோனபோது ஜீப் அவர் முதுகை இருக்கையோடு அமுக்கியது. அவர் தனியாக வாய்விட்டுச் சிரித்தார். தெருக் கூட்டினவர் மகன் கண்டி மலையில் ஐந்நூறு குதிரையைக் கட்டி ஓட்டுகிறானே என்று ஒரு சந்தோஷம். சிரிக்கட்டும், அதற்குப் பிறகு சிரிக்க என்ன இருந்தது.

அந்தக் கிழமையே தகரம் எழுதக் கொடுத்தார். மஞ்சள் தகரத்தில் நீல எழுத்து, மூன்று மொழியிலும்: வீரசிங்கம் மோட்டர் வேர்க்ஸ். சுந்தரி அதைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள்.

போயா தினம் வந்தது. மஹியங்கனையிலிருந்து திரும்பும்போது ஹாஜியாரே ஓட்டினார், யுகேஷ் பக்கத்தில். பதினெட்டு வளைவு தொடங்கும் இடத்தில் மருமகனை முந்தினார், கையையும் ஆட்டினார். பதினோராவது வளைவில் முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஹாஜியார், நிப்பாட்டுங்க. சூடாயிருச்சு," என்றான் யுகேஷ்.

"இன்னும் ஏழு வளைவுதானே!"

ஜீப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்தது. பின்கண்ணாடியில் மருமகன் நெருங்குவது தெரிந்தது. ஹாஜியார் காலை இன்னும் அழுத்தினார். பதினைந்தாவது வளைவில் ஆவி கிளம்பி, எஞ்சின் ஒரு முறை உறுமி, அப்படியே இறுகி நின்றது. மருமகன் காரை நிறுத்தி, இறங்கி வந்து, மாமனாருக்குக் குடிக்க ஒரு தண்ணீர்ப் போத்தல் நீட்டினான். ஹாஜியாருக்கு அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு பிலிமத்தலாவைக்குக் கொண்டுவந்தார்கள். வீரசிங்கம் சூப்பர்சார்ஜரைத் தூக்கி வெளியே வைத்தார். அடியில் அந்தப் பிளாஸ்டிக் குழாய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதைச் சுற்றிக் காய்ந்து படிந்த சிவப்புப் பொருக்கு. ஒரு நாள் பொருக்கு இல்லை, ஏழெட்டு மாதப் பொருக்கு. படை படையாக இருந்தது. அத்தனை மாதமாகக் குழாய் கசிந்திருக்கிறது. அப்படியானால் போத்தல் எப்படிக் கோட்டில் நின்றது?

"யுகேஷ், நீ இதுக்குத் தண்ணி ஊத்துவியா?"

"ஊத்தாம?" யுகேஷுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. "விடிஞ்சதும் பொனற்றத் தூக்கி ஒரு கப் ஊத்திட்டுத்தானே சாவியத் திருகுவேன். எங்கப்பா லொறியிலயும் அப்படித்தான். தண்ணி ஊத்தாம வண்டி எடுக்கிறவன் டிரைவரா? ஆனா பச்சைத் தண்ணி ஊத்தல அத்தான். நீங்கதான் இந்த வண்டிக்குப் பச்சைத் தண்ணி ஆகாதுன்னு சொன்னீங்களே. என் சொந்தக் காசுல சிவப்புக் கூலன்ட் கேன் வாங்கி வச்சு ஊத்துறேன்."

மலைநாட்டு டிரைவர்மாருக்கு அது பல் துலக்குகிற மாதிரி. பழைய லொறிகள் ஏற்றத்துக்கு ஒரு மலையூற்றுப் பீலியில் நின்று தண்ணீர் குடித்த காலத்தில் இரத்தத்தில் ஊறிய பழக்கம். அதைத் தண்ணீர் குறைகிறது என்று எவனும் சொல்லமாட்டான், காலைக் கடமை என்பான். தினம் ஒரு கப் ஊற்றி ஊற்றி, எரிய வேண்டிய விளக்கை எரியவிடாமல், அந்த அப்பாவி அத்தனை மாதமும் நோயைத் தன் காசில் மறைத்திருக்கிறான். பம்பைப் பூட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் ஊசி சொல்லியிருக்கும். வீரசிங்கம் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். கோபம் வந்தது; யார் மேல் படுவது என்று தெரியாமல் தன் மேலேயே பட்டது.

"ஏன் அத்தான்? ஊத்தினது பிழையா?" யுகேஷின் குரல் இறங்கியது.

அந்த நேரம் ஹாஜியாரின் வான் வாசலில் வந்து நின்றது. வீரசிங்கம் எழுந்து, பழைய துணி ஒன்றைப் பெற்றோலில் நனைத்து, குழாயைச் சுற்றியிருந்த பொருக்கை அழுத்தித் துடைத்தார். ஏழெட்டு மாதமும் ஒரே துடைப்பில் போய்விட்டது.

"செல்லுங்க பாஸ்," என்றார் ஹாஜியார். உட்காரவில்லை. "டிரைவர்ட பிழையா, உங்கட பிழையா? அவன்ட பிழை எண்டா இண்டைக்கே பொஞ்சாதி புள்ளயோட சாமானத் தூக்கச் செல்றன்."

சிவப்பு விளக்கைப் பார்த்தும் ஏழு வளைவு ஓட்டப் பார்த்த மனிதன், தன் பிழையை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. யுகேஷ் சுவரோடு ஒட்டி நின்றான். அவனுடைய கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது. வீரசிங்கத்துக்கு அலுமாரிக்குப் பின்னால் இருந்த தகரம் ஞாபகம் வந்தது. ஒரு சொல் போதும், அது திகனச் சந்தியில் ஏறிவிடும்.

"டிரைவர் மேல ஒண்ணும் இல்ல ஹாஜியார்," என்றார். "சோதிக்காம பலம் ஏத்தினேன். பிழை என்னோடது."

"அப்ப கடைய மறந்துடுங்க," என்று ஹாஜியார் திரும்பி நடந்தார்.

இராஜரத்தினம் மட்டும் சாயங்காலம் பக்கத்தில் வந்தார். "ஓம், நடந்தது நடந்துபோச்சு. விடும். நாளைக்கு வாரும், ரெண்டு கார் நிக்குது," என்றார். வீரசிங்கம் தலையை ஆட்டினார்.

இதோடு முடிந்திருந்தால் தியாகம் என்று சொல்லி மாலை போடலாம். நல்லதுக்கு எங்கே காலம் இருக்கிறது? ஒரு மாதம் கழித்து ஹாஜியார் ஜீப்பை உதிரிப்பாகத்துக்கு விற்றார். தானே ஓட்டுகிற ஒரு சின்னக் கார் வாங்கினார். அதற்கு டிரைவர் எதற்கு? யுகேஷை அனுப்பிவிட்டார். பின்னால் இருந்த இரண்டு அறையில் சீமெந்து மூட்டை அடுக்கினார்கள். யுகேஷ் கெலிஓயாவில் வாடகைக்குப் போய், யாருடையதோ பாடசாலை வான் ஓட்டினான்.

"ஆறு வருஷம் ஓடின வண்டி, அத்தான் கம்ப்யூட்டர மாட்டினாரு, பதினஞ்சு நாளுல செத்துச்சு," என்று அவன் சொந்தக்காரர் எல்லோரிடமும் சொன்னான். அன்று கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காததால் தண்ணீர் ஊற்றியதை மறந்தே போனான்.

சுந்தரி அதற்கு மேல். "உங்க பேராசையில என் தம்பி சோத்துல மண்ணு விழுந்துச்சு," என்றாள். வீரசிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? போன வேலை திரும்பாது. தம்பிதான் காரணம் என்று தெரிந்து இவளுக்கு இன்னொரு அழுகை. தவிர, பம்பைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தவன் யார்? சாப்பிட்டுக் கையைக் கழுவினார்.

ஒரு நாள் யுகேஷ் வந்து, "அந்தத் தகரம் சும்மாதானே கெடக்கு. வான் நிறுத்துற கொட்டிலுக்கு ஒரு தகரம் குறையுது," என்று கேட்டான். அதைக் கேட்கிறானே, ஒரு வெட்கம் வேண்டாம்?

"எடுத்துட்டுப் போ," என்றார் வீரசிங்கம்.

போன மாதம் சுந்தரி விடிந்ததும் விடியாததுமாக எழுப்பினாள். "யுகேஷோட வான் சூடாகுதாம். பிள்ளைங்கள ஏத்தணும். போய்ப் பாருங்களேன்." வீரசிங்கம் பெட்டியோடு கெலிஓயாவுக்கு பஸ் ஏறினார்.

"தண்ணியெல்லாம் கொறையறதில்லைங்க அத்தான், எல்லாம் சரியா இருக்கு," என்று யுகேஷ் வாசலிலேயே தொடங்கினான். வீரசிங்கம் அவனை எதுவும் கேட்கவில்லை. கொட்டிலுக்குள் போய், வானின் மூடியைத் திறந்து, பம்பைப் பூட்டினார்.

"என்னைய நம்பாமதானே இத மாட்டுறீங்க?"

"ஆமா."

யுகேஷ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். வீரசிங்கம் அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். ஊசி மெதுவாக இறங்கத் தொடங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று.

"அட! எங்க ஒழுகுதுன்னு இது சொல்லிருதே," என்றான் யுகேஷ். குனிந்து பம்பைத் தொட்டுப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். "அன்னைக்குக் கையில வச்சிருந்தீங்களே, இதுதானே? அந்த ஜீப்புக்கும் இத மாட்டிப் பார்த்திருக்கலாமே அத்தான். பார்த்திருந்தா நாம எல்லாரும் நல்லா இருந்திருப்போமே."

வீரசிங்கம் அவன் முகத்தைப் பார்க்க மாட்டாமல் மேலே பார்த்தார். கூரையில் நடுத் தகரம் மஞ்சள். எழுத்துப் பக்கம் உள்ளே பார்த்தபடி ஆணி அடித்திருந்தான். அவர் பெயரின் நடுவில் ஒரு ஆணி, ஓரத்தில் ஒரு ஆணி.

"பார்த்திருக்கலாம்," என்றார். பிறகு பதினான்காம் நம்பர் ஸ்பனரை எடுத்துத் தரச் சொல்லிவிட்டு வானுக்கு அடியில் படுத்தார்.